மோதியபின் மிஞ்சுவது

விமானம் ஒரு கட்டடத்தில் மோதினால் சுவரில் அதன் உருவம் அப்படியே பதிந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நடுவே உடற்பகுதிக்கு ஒரு வட்டத் துளை, இருபுறமும் இறக்கைகளுக்கு நீண்ட பிளவுகள், மேலே வால் நுழைந்த கீறல் என்று ஒரு படம் பலர் மனத்தில் இருக்கிறது. உண்மையான விபத்து இடத்தின் புகைப்படத்தில் அந்தப் படம் தென்படாதபோது, இங்கே மோதியது விமானம்தானா என்ற கேள்வி எழுகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உலகெங்கும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது, இன்றும் கேட்கப்படுகிறது. கேட்பதில் தவறில்லை. தடயத்தைச் சந்தேகிப்பதுதான் விபத்து ஆய்வாளரின் அன்றாட வேலை. ஆனால் எது மிஞ்சியிருக்க வேண்டும் என்று தெரியாமல், எது காணவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

பயணிகள் விமானத்தின் உடற்பகுதி பெரும்பாலும் காற்றடைத்த வெறுங்கூடு. அதன் தோல் ஓரிரு மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியக் கலவைத் தகடு. உள்ளே விலா எலும்புகளாக மெல்லிய வளையங்களும் நெடுக்குச் சட்டங்களும் அதைத் தாங்குகின்றன. எடையும் வலிமையும் சில இடங்களில் மட்டும் குவிந்திருக்கின்றன: என்ஜின்களின் தண்டுகளிலும் வட்டுகளிலும், உயர்வலிமை எஃகால் ஆன சக்கரத் தாங்கிகளிலும், இறக்கைகள் உடலோடு சேரும் நடுப்பெட்டியிலும். இறக்கைக்குள் நிரப்பப்பட்ட எரிபொருளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அது திரவம் என்றாலும் அதன் எடை பல டன். இறக்கையின் நுனியும் வாலும் இதற்கு நேர்மாறானவை. அவை அளவில் பெரியவை, எடையில் சிறியவை.

மோதலின் விசையைக் கணக்கிடும் வழியை 1968இல் ஹோர்ஹே ரியரா என்ற பொறியாளர் வகுத்தார். அணுமின் நிலையக் கட்டடத்தின் மேல் விமானம் விழுந்தால் என்ன ஆகும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. சுவர் தாங்க வேண்டிய விசையை அவர் இரண்டாகப் பிரித்தார். முதலாவது, விமானத்தின் கட்டமைப்பை நசுக்கத் தேவையான விசை. இரண்டாவது, ஒரு மீட்டர் நீளத்தில் எவ்வளவு நிறை இருக்கிறதோ அதை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் வருவது. வேகம் குறைவாக இருந்தால் முதலாவது முக்கியம். நொடிக்கு 200 மீட்டரைத் தொடும்போது இரண்டாவதே எல்லாம். அந்த வேகத்தில் பொருள் உறுதியானதா, மெலிதானதா என்பது அநேகமாகப் பொருட்டே அல்ல. தீயணைப்புக் குழாயிலிருந்து பாயும் நீருக்கு எந்த உறுதியும் கிடையாது; ஆனாலும் அது ஆளைத் தள்ளிவிடுகிறது. அலுமினியத் தகடு எஃகை எப்படி அறுக்கும் என்ற கேள்விக்கு விடை இந்த இருமடியில்தான் இருக்கிறது.

கணக்கைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு 1988 ஏப்ரலில் அமைந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள சாண்டியா ஆய்வகத்தில், ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்காக, எஃப்-4 ஃபான்டம் போர் விமானம் ஒன்றை ராக்கெட் பொருத்திய தண்டவாளத்தில் ஓட்டி ஒரு கான்கிரீட் பாளத்தில் மோதவிட்டார்கள். எரிபொருளுக்குப் பதில் தொட்டிகளில் தண்ணீர். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 215 மீட்டர். பாளத்தின் தடிப்பு மூன்றரை மீட்டருக்கு மேல், எடை சுமார் 470 டன். காற்றுத் தாங்கிகளின் மேல் நின்றதால் மோதியதும் அது பின்னோக்கி நகரும். நகர்வை அளந்து விசையைக் கணிக்கலாம். நடந்ததைப் படம் பிடித்த அதிவேகக் கேமராவில் விமானம் வளையாமல், மடங்காமல், முகப்பிலிருந்து வால்வரை வரிசையாகச் சுவரை அடைந்து தூளாவது தெரிகிறது. பாளத்தின் அகலத்தைத் தாண்டி நீண்டிருந்த இறக்கை நுனிகள் மட்டும் அறுபட்டு முன்னே பறந்தன. கான்கிரீட்டில் ஏற்பட்ட பள்ளங்களில் ஆழமானவை என்ஜின்கள் தாக்கிய இடத்தில் இருந்தவை. அவையே ஆறு சென்டிமீட்டர்தான். விமானத்தின் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி விமானத்தை நொறுக்குவதிலேயே செலவாகிவிட்டது.

மோதலில் விமானம் காணாமல் போவது என்பது இதுதான். போர் விமானம் அங்கே மறையவில்லை. அடையாளம் காண முடியாத சிறு துண்டுகளாக மாறியது. சுவர் தடிப்பானால் துண்டுகள் வெளியிலேயே தெறிக்கும். சுவர் உடைந்து வழிவிட்டால் அவை உள்ளே போகும்.

இதற்கு முந்தைய ஒரு விபத்து, வேகம் குறைந்தால் நிலைமை எப்படி மாறும் என்பதைக் காட்டுகிறது. 1945 ஜூலை 28, சனிக்கிழமை காலை, அடர்ந்த மூடுபனியில் வழி தவறிய பி-25 குண்டுவீச்சு விமானம் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வடக்குப் பக்கத்தில் 79ஆவது தளத்தை ஒட்டி மோதியது. எடை ஏறத்தாழ பத்து டன். வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. சுவரில் விழுந்த துளை ஆறு மீட்டருக்கு ஐந்தரை மீட்டர். விமானத்தின் இறக்கை அகலமோ 20 மீட்டருக்கு மேல். ஒரு என்ஜின் கட்டடத்தை முழுவதுமாகத் துளைத்துத் தெற்குச் சுவர் வழியே வெளியேறி அடுத்த தெருவில் இருந்த ஒரு கட்டடத்தின் கூரையில் விழுந்தது. இன்னொன்று மின்தூக்கிக் குழிக்குள் விழுந்தது. 14 பேர் இறந்தார்கள். கனமான பாகங்கள் தூரம் போவதும், மெலிதானவை வாசலிலேயே நின்றுவிடுவதும் அப்போதே பதிவாகிவிட்டன. 56 ஆண்டுகளுக்குப் பின் அதே நகரில் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தைத் தாக்கிய போயிங் 767 கொண்டுவந்த இயக்க ஆற்றல் இதைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு. எம்பயர் ஸ்டேட் நின்றதே, இது ஏன் விழுந்தது என்று இரண்டையும் ஒப்பிடுவோர் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

மிக அதிகமாகச் சந்தேகிக்கப்பட்ட இடம் பென்டகன். 2001 செப்டம்பர் 11 காலை 9:37 மணிக்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 77ஆம் எண் விமானம், ஒரு போயிங் 757, அந்தக் கட்டடத்தின் மேற்கு முகப்பில் மோதியது. விமானத்தில் இருந்த 64 பேரும் கட்டடத்தில் இருந்த 125 பேரும் இறந்தனர். விமானத்தின் இறக்கை அகலம் 38 மீட்டர், வால் உயரம் சுமார் 13.5 மீட்டர். ஆனால் முகப்பில் கண்ணுக்குத் தெரிந்த சேதம் கீழிரண்டு தளங்களோடு, ஏறத்தாழ ஏழரை மீட்டர் உயரத்தோடு நின்றுவிட்டது. புல்வெளியில் பெரிய சிதைவுகள் எதுவும் கிடக்கவில்லை. சந்தேகங்கள் இங்கிருந்து கிளம்பின.

அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம் அமைத்த குழு 2003 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை இந்தக் கேள்விகளைத் தூண் தூணாக எடுத்துப் பார்க்கிறது. சுவரில் கடுமையான சேதம் இருந்த அகலம் ஏறத்தாழ 36 மீட்டர். ஆனால் விமானம் நேராக வரவில்லை, 42 டிகிரி சாய்ந்து வந்தது. அந்தச் சாய்வைக் கழித்தால் விமானத்தின் பாதைக்குக் குறுக்கே சேதத்தின் அகலம் 27 மீட்டர்தான். 38 மீட்டர் இறக்கையில் மீதி எங்கே போனது? வலது இறக்கையின் வெளிப்புற மூன்றில் இரண்டு பங்கும் இடது இறக்கையின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கும் கட்டடத்துக்குள் நுழையவே இல்லை என்பது குழுவின் முடிவு. சுவரை எட்டுவதற்கு முன்பே விமானம் ஐந்து விளக்குக் கம்பங்களைச் சாய்த்தது. வலது என்ஜின் முற்றத்தில் நின்ற ஜெனரேட்டர் வண்டியை இடித்தது. வெளி இறக்கைகள் முகப்பை எட்டுமுன் அறுபட்டோ முகப்பில் மோதி நொறுங்கியோ போயின. எடை குறைந்த வால், உடற்பகுதி திறந்துவிட்ட வழியில் பின்தொடர்ந்தது. ஆகவே இறக்கை அளவுக்குத் துளை இல்லை என்ற கவனிப்பு சரியானது. அதிலிருந்து விமானமே வரவில்லை என்று எடுத்த முடிவுதான் பிழை.

இன்னொரு கேள்வி ஆழத்தைப் பற்றியது. பென்டகன் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து வளையங்களால் ஆனது. மோதிய இடத்திலிருந்து 94 மீட்டர் உள்ளே, வெளியிலிருந்து மூன்றாவது வளையத்தின் உட்சுவரில் வட்டமான ஒரு துளை இருந்தது. வளையத்துக்கு இரண்டு வெளிச்சுவர் என்று எண்ணினால் விமானம் ஆறு தடித்த சுவர்களைத் துளைத்திருக்க வேண்டும், அது நம்பத்தகாதது என்று வாதிட்டார்கள். வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் வளையங்களுக்கு இடையே தெரியும் வெளி மேல்தளங்களில் மட்டும்தான் இருக்கிறது. கீழிரண்டு தளங்கள் முதல் வளையத்திலிருந்து மூன்றாவது வளையம் வரை ஒரே கூரையின் கீழ் தொடர்ச்சியாக இருக்கின்றன. சிதைவுகள் கடந்தவை முகப்புச் சுவர், பின் தூண்களும் அலுவலகத் தடுப்புகளும், கடைசியாக அந்த உட்சுவர், அவ்வளவே. கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்தாலே தீர்ந்துவிடும் இந்தச் சந்தேகம் பல ஆண்டுகள் நீடித்தது வருத்தத்துக்குரியது.

உள்ளே பொருள்கள் கிடந்த வரிசை இவை எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி. விமானத்தின் முன்பகுதியில் இருந்தவை மோதிய இடத்துக்கு அருகிலும், பின்பகுதியில் இருந்தவை தூரத்திலும் கிடைத்தன. வால்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும் பறப்புத் தரவுப் பெட்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் உள்ளே கிடந்தது. முன்பாகம் நொறுங்கித் தன் ஆற்றலைச் செலவிட்டு வழி திறக்கிறது. பின்பாகம் அந்த வழியில் மேலும் முன்னேறுகிறது. சாண்டியா படத்தில் கண்ட அதே ஒழுங்கு இது. இப்படி ஒரு வரிசையைப் பொருள்களைப் பரப்பிவைத்து உருவாக்குவது எளிதல்ல. அப்படி அடுக்க நினைக்கும் எவரும் வால்பகுதியை முகப்புக்கு அருகில்தான் வைத்திருப்பார்கள். இறந்தவர்களில் ஐவரைத் தவிர மற்ற அனைவரும், விமானத்தில் வந்தவர்கள் உட்பட, அங்கே கிடைத்த உடற்பாகங்களைக் கொண்டு அடையாளம் காணப்பட்டார்கள். கேமரா ஆதாரம்தான் பலவீனமானது. வாயிற்காவல் கேமரா நொடிக்கு ஏறத்தாழ ஒரு படம் எடுத்தது. விமானமோ நொடிக்கு சுமார் 238 மீட்டர் கடந்தது. அப்படங்களில் ஒரு மங்கலான வெண்கோடு மட்டும் கிடைத்ததற்கு இது போதிய காரணம்.

மாறாக, உலக வர்த்தக மையக் கோபுரங்களில் விமானத்தின் உருவம் ஓரளவு சுவரில் பதிந்தது. இறக்கைகளின் சாய்வுகூடப் படங்களில் தெரிகிறது. காரணம் சுவரின் அமைப்பு. கோபுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 59 எஃகுத் தூண்கள் ஒரு மீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நின்றன. அவை சுமார் 35 சென்டிமீட்டர் சதுரமான உள்ளீடற்ற பெட்டிகள். மேல்தளங்களில் அவற்றின் தகடு ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்திருந்தது. எரிபொருள் நிரம்பிய இறக்கையின் உட்பகுதி இத்தூண்களை அறுத்தது. வெறுமையான நுனிகள் அலுமினிய உறையைக் கீறியதோடு நின்றன. அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட், வடக்குக் கோபுரத்தில் 35 புறத்தூண்களும் தெற்கில் 33ம் அறுபட்டதாகக் கணித்தது. தெற்குக் கோபுரத்தைத் துளைத்து வெளியேறிய என்ஜின் ஒன்று சில தெருக்கள் தள்ளி நடைபாதையில் விழுந்தது. 2013இல்கூட, அருகில் இரண்டு கட்டடங்களுக்கு இடையிலிருந்த குறுகிய இடுக்கில் இறக்கைப் பாகம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது.

கோபுரங்கள் மோதலால் உடனே விழவில்லை. தெற்குக் கோபுரம் 56 நிமிடமும் வடக்குக் கோபுரம் 102 நிமிடமும் நின்றன. விமான எரிபொருள் எஃகை உருக்காது என்ற வாதம் பிரபலமானது, அதில் சொல்லப்படும் எண்களும் சரியே: எஃகு 1500 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும், கட்டடத் தீ 1000 டிகிரியைத் தாண்டுவது அரிது. ஆனால் தூண் வளைய எஃகு உருக வேண்டியதில்லை. 600 டிகிரியில் அது தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. எரிபொருள் சில நிமிடங்களில் எரிந்து தீர்ந்தது. தொடர்ந்து எரிந்தவை மேசைகளும் காகிதங்களும் விமானத்தின் உட்பொருள்களும். மோதலின் வேகத்தில் தீத்தடுப்புப் பூச்சு உதிர்ந்த எஃகு சூடேறியது, தளங்கள் தொய்ந்தன, தொய்ந்த தளங்கள் புறத்தூண்களை உள்நோக்கி இழுத்தன. வடக்குக் கோபுரத்தின் தெற்கு முகம் விழுவதற்கு முன் ஒரு மீட்டருக்கும் மேல் உள்வளைந்திருந்ததைப் புகைப்படங்களில் அளக்க முடிந்தது.

கேள்வி கேட்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கும் இடம் இதற்கு அடுத்தது. நிஸ்ட் ஆராய்ந்த எஃகுத் துண்டுகள் 236. அவற்றில் தீ எரிந்த தளங்களைச் சேர்ந்தவை மிகக் குறைவு: அத்தளங்களின் புறத்தூண்களில் மூன்று விழுக்காட்டுக்கும், மையத்தூண்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே பரிசோதனைக்குக் கிடைத்தன. 250 டிகிரிக்கு மேல் சூடேறியதற்கான தடயம் சிலவற்றில் மட்டுமே தெரிந்தது. அதனால் தூண்களின் வெப்பநிலை குறித்த முடிவுகள் பெரிதும் கணினி மாதிரிகளையும் படங்களையும் சார்ந்தவை. உள்வளைவின் அளவும் விழுந்த நேரமும் அந்த மாதிரிகளோடு ஒத்துப்போவதால் முடிவு வலுவானது. ஆனாலும் எஃகையே கையில் எடுத்துப் பார்த்துச் சொல்வதற்கு அது ஈடாகாது.

எஃகு ஏன் இல்லை? விபத்து இடத்தைச் சுத்தம் செய்யும் அவசரத்தில் அது பழைய இரும்பாக விற்கப்பட்டது. வெட்டி, கப்பலேற்றி ஆசிய நாடுகளுக்கு அனுப்பினார்கள். 2002 தொடக்கத்தில் அதில் ஒரு பகுதி சென்னைத் துறைமுகத்திலும் வந்து இறங்கியது. மீட்புப் பணிக்கு அவசரம் தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஏறத்தாழ 3,000 உயிர்களைப் பலிகொண்ட நிகழ்வின் சான்றுப்பொருள் உருக்காலைக்குப் போகுமுன் பொறியாளர்கள் கையில் போதுமான அளவு கிடைக்கவில்லை என்பது பெரும் இழப்பு. 2002 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையிலேயே இது கண்டிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கட்டட விபத்துகளை ஆராயும் குழுக்களுக்குச் சான்றுகளைக் கைப்பற்ற அதிகாரம் அளிக்கும் சட்டம் நிறைவேறியது. கோபுரங்களில் மோதிய இரண்டு விமானங்களின் கறுப்புப் பெட்டிகளும் இடிபாடுகளில் கிடைக்கவில்லை. அங்கு இறந்த 2,753 பேரில் ஏறத்தாழ 1,100 பேர் இன்னும் மரபணு வழியே அடையாளம் காணப்படவில்லை. 2025இலும் புதிதாக மூவருக்கு அடையாளம் கிடைத்தது.

சான்று தொலைந்தால் சந்தேகம் எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு நெதர்லாந்து ஒரு பாடம். 1992 அக்டோபர் 4 மாலை, எல் அல் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மர்மேர் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் விழுந்து 43 பேர் இறந்தனர். விபத்தின் காரணம் தெளிவாகக் கிடைத்தது. ஆனால் அது கட்டட இடிபாட்டில் கிடைக்கவில்லை. வலது இறக்கையின் இரண்டு என்ஜின்களும் முன்னதாகவே கழன்று ஒரு ஏரிக்குள் விழுந்திருந்தன. என்ஜினைப் பிடித்திருந்த ஊசி ஒன்று உலோகச் சோர்வால் முறிந்திருந்தது. ஆனால் விமானி அறையின் குரல் பதிவுப் பெட்டி கடைசிவரை கிடைக்கவில்லை. வாலில் சமநிலை எடையாக வைத்திருந்த 282 கிலோ குறை யுரேனியத்தில் பாதிக்கும் மேல் மீட்கப்படவில்லை. சரக்கில் நச்சுவாயுத் தயாரிப்புக்கும் பயன்படக்கூடிய ஒரு வேதிப்பொருள் இருந்தது என்பது ஆறு ஆண்டுகள் கழித்தே வெளியானது. அப்பகுதி மக்கள் தங்கள் உடல்நலக் கேடுகளுக்கு விடை கேட்டு நின்றார்கள். 1999இல் நாடாளுமன்ற விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. அவர்களின் சந்தேகம் எல்லாம் உண்மையாக இருக்கவில்லை. ஆனால் அதற்கு இடம் கொடுத்தது மறைக்கப்பட்ட தகவல்தான்.

கையில் கிடைத்த சான்றே தவறான திசையைக் காட்டுவதும் உண்டு. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171ஆம் எண் விமானம், ஒரு போயிங் 787, புறப்பட்ட சில நொடிகளில் பி.ஜே. மருத்துவக் கல்லூரியின் விடுதிக் கட்டடங்கள் மேல் விழுந்து 260 பேர் இறந்தனர். அதன் இரண்டு பதிவுப் பெட்டிகளில் ஒன்று ஒரு கட்டடத்தின் கூரையிலும், மற்றொன்று மூன்று நாள் கழித்து இடிபாட்டிலும் கிடைத்தன. இப்பெட்டிகள் புவியீர்ப்பைப்போல் 3400 மடங்கு அதிர்ச்சியையும், 1100 டிகிரி தீயில் ஒரு மணி நேரத்தையும் தாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படியும் பின்பக்கப் பெட்டி மோசமாகச் சேதமடைந்திருந்தது. முன்பக்கப் பெட்டியிலிருந்து தரவுகளை எடுத்தார்கள்.

விமானி அறை இடிபாட்டில் இரண்டு உந்துவிசை நெம்புகோல்களும் பின்னே, ஏறக்குறைய ஓய்வு நிலையில் இருந்தன. அதை மட்டும் பார்ப்பவர் விமானி விசையைக் குறைத்துவிட்டார் என்றே நினைப்பார். ஆனால் மோதும் கணம்வரை அவை புறப்பாட்டு விசைக்கு உரிய முன்நிலையில் இருந்தன என்று பெட்டியின் தரவு சொல்கிறது. எரிபொருள் சுவிட்சுகள் இரண்டும் இடிபாட்டில் திறந்த நிலையில் கிடந்தன. பறந்த உடனேயே அவை ஒரு நொடி இடைவெளியில் மூடிய நிலைக்கு மாறியதையும், பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பியதையும் பெட்டி பதிந்து வைத்திருந்தது. நெம்புகோல் பகுதி தீயில் கடுமையாகச் சேதமுற்றிருந்ததையும் முதற்கட்ட அறிக்கை குறிப்பிடுகிறது. அடுத்த மாதம் இந்தியாவின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு வெளியிட்ட அந்த அறிக்கையில் இடிபாட்டில் கண்ட நிலையும் பெட்டியில் பதிவான நிலையும் தனித்தனியே, ஒன்றை மற்றொன்றோடு கலக்காமல், எழுதப்பட்டிருக்கின்றன.